நரையை மறைக்கணுமா, அப்படியே விடலாமா? டை பாக்கெட்டைக் கிழிக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

தமிழ்நாட்டுக்கே நரை விழ ஆரம்பித்திருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021-ல் வெளியிட்ட முதியோர் அறிக்கையின்படி, மாநில மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம். இந்திய சராசரி 10.1 சதவீதம்தான். கேரளாவுக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு இருக்கிறது. 2031-ல் இந்த அளவு 18.2 சதவீதமாக உயரும் என்று அதே அறிக்கை கணிக்கிறது.

வேலை பார்க்கும் வயதும் நீண்டிருக்கிறது. தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 58-லிருந்து 59 ஆனது, 2021-ல் 60 ஆனது. ஆக, நரைத்த தலையோடு அலுவலகம் போகிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள், ஸ்டியரிங் பிடிக்கிறவர்கள் முன்பைவிட அதிகம்.

இந்த நிலையில் மதுரை மாசி வீதிகளில் இருந்து மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வரை பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் கேள்வி ஒன்றுதான். டை அடிக்கணுமா, விட்டுடலாமா? கேட்க சின்ன விஷயம்தான். ஆனால் இதற்குள் உடல்நலம், வேலை, கல்யாணம், மரியாதை எல்லாம் கலந்து கிடக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முடி ஏன் வெளுக்குது?

முடிக்குக் கறுப்பு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. முடியின் வேர்க்காலில் உள்ள மெலனோசைட் செல்கள் இதைத் தயாரித்து, வளரும் முடிக்குள் செலுத்துகின்றன. வயது ஏற ஏற, இந்த செல்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் ஸ்டெம் செல்கள் குறைந்துபோகின்றன, அல்லது வேலை செய்யாமல் நின்றுவிடுகின்றன. நிறமி வராத முடி வெள்ளையாக முளைக்கிறது. அவ்வளவுதான் நரை.

இதில் பெரும் பங்கு பரம்பரைக்கு. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ 35 வயதில் நரைத்திருந்தால் பிள்ளைக்கும் அப்படி நடக்க வாய்ப்பு அதிகம். ஐஆர்எஃப்4 என்ற மரபணுவுக்கும் நரைக்கும் தொடர்பு இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது.

நரை எத்தனை பேருக்கு வரும்? பல நாடுகளைச் சேர்ந்த 4,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2012-ல் வெளியான ஆய்வில், 45 முதல் 65 வயது வரை உள்ளவர்களில் 74 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவு நரை இருந்தது. அதாவது நாலு பேரில் மூணு பேர்.

ஊரில் அடிக்கடி சொல்லப்படும் இரண்டு விஷயங்களையும் இங்கேயே முடித்துவிடலாம். ஒரு நரை முடியைப் பிடுங்கினால் நாலு முளைக்கும் என்பது உண்மை இல்லை. ஒவ்வொரு முடிக்கும் தனி வேர்க்கால், பக்கத்து முடிக்கு அது தொற்றாது. அடுத்தது, போர் தண்ணீர். உப்புத் தண்ணீர் முடியை வறட்டிச் சிக்காக்கலாம். ஆனால் நரை உருவாவது தோலுக்குள், வேர்க்காலில். வெளியே வந்த முடி உயிரற்றது. மேலே ஊற்றும் தண்ணீருக்கு உள்ளே நடக்கும் நிறமி வேலையில் பங்கில்லை.

சின்ன வயசு நரைக்கு டை பதில் இல்லை

ஆசிய நாட்டவருக்கு 25 வயதுக்கு முன்பே நரை வந்தால் அதை இளநரை என்று தோல் மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். பரம்பரை தவிர, வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு, புகைப்பழக்கம் ஆகியவையும் இதோடு தொடர்புடையவை. பி12, இறைச்சி, முட்டை, பால் வகைகளில் இருந்து கிடைப்பது. சைவ உணவு மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இது குறைய வாய்ப்பு கூடுதல்.

கல்லூரி வயதில் திடீரென்று நரை கூடினால் முதலில் போக வேண்டிய இடம் டாக்டரிடம்தான். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் குறைபாட்டை டை போட்டு மூடிவிட்டால், குறைபாடு உள்ளேயே வளரும்.

பாண்டிய நாட்டில் 2,000 ஆண்டுப் பழைய கேள்வி

'உங்களுக்கு இத்தனை வயசாகியும் ஏன் நரைக்கல?' என்ற கேள்வி பாண்டிய நாட்டுக்குப் புதுசு இல்லை. சங்ககாலப் புலவர் பிசிராந்தையாரிடம் இதே கேள்வி கேட்கப்பட்டது. அவருடைய பதில் புறநானூற்றின் 191-வது பாடல். பிசிர் என்பது பாண்டிய நாட்டு ஊர்.

அவர் எந்தத் தைலத்தின் பெயரையும் சொல்லவில்லை. குணமான மனைவி, அறிவு நிரம்பிய பிள்ளைகள், சொல்வதைப் புரிந்துகொண்டு நடக்கும் பணியாளர்கள், அநியாயம் செய்யாத அரசன், இவற்றோடு ஊரில் நிறைந்திருக்கும் அடக்கமான சான்றோர்கள் என்று ஒரு பட்டியலைத் தருகிறார். இன்றைய பேச்சில் சொன்னால், வீட்டிலும் வேலையிலும் நாட்டிலும் டென்ஷன் இல்லை என்கிறார்.

டென்ஷனுக்கும் நரைக்கும் தொடர்பு உண்டா? 2020-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் எலிகளிடம் நடத்திய சோதனையில், கடும் மன அழுத்தம் நரம்புகள் வழியாக நிறமி ஸ்டெம் செல்களைத் தீர்த்துவிடுவது தெரிந்தது. 2021-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு 14 பேரின் முடிகளை நுணுக்கமாகப் பார்த்தது. நரைக்கத் தொடங்கிய சில முடிகள், அழுத்தம் குறைந்த காலத்தில் நிறம் திரும்பியிருந்தன. ஆனால் இது நரையின் விளிம்பில் நின்ற சில முடிகளில் மட்டும் நடந்தது. பல வருஷமாக வெளுத்த தலை, லீவு போட்டுக் கொடைக்கானல் போனால் கறுத்துவிடாது.

பழைய தமிழில் நரைக்கு இன்னொரு முகமும் உண்டு. நியாயம் கேட்டு வந்த முதியவர்கள் தன் இளமையைப் பார்த்துத் தயங்கியதால், கரிகாலன் நரைமுடி வைத்து முதியவர் வேடத்தில் வந்து தீர்ப்புச் சொன்ன கதையைப் பழமொழி நானூறு குறிப்பிடுகிறது. இன்று வயதைக் குறைத்துக் காட்ட டை அடிக்கிறோம். அவன் வயதைக் கூட்டிக் காட்ட நரையைக் கடன் வாங்கினான். கம்பராமாயணத்தில் தசரதன் ஆட்சியை மகனிடம் ஒப்படைக்க நினைப்பதற்கு, காதோரம் தெரிந்த ஒற்றை நரைமுடியைத்தான் கம்பர் காரணமாக வைக்கிறார்.

ஒரே நரை, ஓரிடத்தில் அதிகாரம், இன்னோரிடத்தில் 'இனி ஒதுங்கிக்கோ' என்ற சமிக்ஞை. இந்த இரட்டை அர்த்தம்தான் இன்றைக்கும் ஆளைக் குழப்புகிறது.

'அண்ணே' எப்போ 'பெரியவரே' ஆகிறார்?

மதுரையில் ஒருவரின் வயதை யாரும் நேராகக் கேட்பதில்லை. கூப்பிடும் விதத்திலேயே சொல்லிவிடுவார்கள். மாட்டுத்தாவணியில் ஷேர் ஆட்டோ ஏறும்போது, "அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே" என்பது ஒருநாள், "பெரியவரே, பார்த்து ஏறுங்க" என்று மாறும். பூக்காரம்மா "அக்கா, ரெண்டு முழம் தரவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் "அம்மாச்சி, வாங்க" என்பார். இடையில் முகம் மாறியிருக்காது. காதோரம் வெளுத்திருக்கும், அவ்வளவுதான்.

இந்தச் சொல் மாற்றம் சிலருக்குச் சந்தோஷம். பஸ்ஸில் இடம் கிடைக்கும், பஞ்சாயத்தில் பேச்சு எடுபடும். சிலருக்கு அது ஒரு கதவு சாத்தப்படும் சத்தம். மூன்றாவது பிள்ளை இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தன்னைப் 'பாட்டி' என்று கூப்பிட்டால் யாருக்கும் சுருக்கென்று இருக்கும்.

டை அடிக்கும் பலரும் சினிமா நடிகர் மாதிரித் தெரிய ஆசைப்பட்டு அடிப்பதில்லை. இன்னும் கொஞ்ச நாள் 'அண்ணே'யாகவும் 'அக்கா'வாகவும் இருக்கத்தான் அடிக்கிறார்கள். இதைப் பகட்டு என்று கேலி செய்வதில் நியாயம் இல்லை.

ஆம்பளைக்கு ஸ்டைல், பொம்பளைக்கு அலட்சியமா?

2011-ல் வந்த 'மங்காத்தா', அஜித்தின் 50-வது படம். அதில் அவர் நரைத்த தலையோடு வந்தார். 'சால்ட் அண்ட் பெப்பர் லுக்' என்ற வார்த்தை தமிழ்நாட்டு சலூன்கள் வரை வந்து சேர்ந்தது அதன் பிறகுதான். தேனிப் பக்கத்துக் கதையான 'விஸ்வாசம்' படத்திலும் நரைத்த மீசை, தாடியோடு வந்தார், ரசிகர்கள் கொண்டாடினார்கள். ரஜினிகாந்த் திரையில் கறுப்பு முடியோடும், பொது மேடையில் நரையும் வழுக்கையுமாகவும் வருவது பல வருஷமாக ஊருக்கே தெரிந்த விஷயம்.

ஆனால் இதே வயதில் கதாநாயகி நரையோடு வந்து, அதை ஸ்டைல் என்று ஊர் கொண்டாடிய படங்கள் எத்தனை என்று எண்ணினால் விரல்கள் மிச்சமாகும். 'வாரணம் ஆயிரம்' நடிகை சமீரா ரெட்டி, 2021-ல் தன் நரையை மறைக்காமல் இன்ஸ்டாகிராமில் படம் போட்டார். ஏன் இதை மூடவில்லை என்று தன் அப்பாவே கேட்டதாகவும், முன்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டை அடித்துக்கொண்டிருந்ததாகவும் அவர் சொன்னார். ஒரு நடிகை டை அடிக்காமல் விட்டதே செய்தியாகிறது என்றால், எதிர்பார்ப்பு எவ்வளவு அழுத்தமானது என்று புரிந்துகொள்ளலாம்.

வெளிநாட்டில் மட்டும் வேறு மாதிரியா? கனடாவின் சிடிவி தொலைக்காட்சியின் முதன்மைச் செய்தி வாசிப்பாளர் லிசா லாஃப்ளாம். 35 ஆண்டு அனுபவம். கொரோனா காலத்தில் பார்லருக்குப் போக முடியாமல் டை அடிப்பதை நிறுத்தினார். நரையோடே செய்தி வாசித்தார். அவருடைய ஒப்பந்தம் முடித்துவைக்கப்பட்டது 2022 ஆகஸ்டில் வெளியே தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 58. அவர் நரையை யார் அனுமதித்தது என்று மேலதிகாரி ஒருவர் கேட்டதாக அங்குள்ள நாளிதழ் செய்தி வெளியிட்டது. நிர்வாகம், இது வணிகக் காரணத்துக்காக எடுத்த முடிவு, முடியின் நிறத்துக்கும் வயதுக்கும் தொடர்பில்லை என்றது. நாடு முழுக்க விவாதம் கிளம்பியது. அவருக்கு ஆதரவாக 'வெண்டிஸ்' உணவகம் தன் சின்னத்தில் உள்ள சிறுமியின் சிவப்பு முடியையே நரையாக மாற்றிக் காட்டியது.

மதுரையில் இது இவ்வளவு சத்தமாக நடப்பதில்லை. "என்னக்கா, உடம்பு சரியில்லையா? டல்லா இருக்கீங்க" என்று ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்பார்கள். அடுத்த முகூர்த்தத்துக்குள் தலை கறுத்துவிடும். நரைத்த ஆணைப் பார்த்து "அனுபவசாலி" என்பவர்களே, நரைத்த பெண்ணைப் பார்த்து "தன்னைக் கவனிச்சுக்கவே மாட்டேங்கிறா" என்கிறார்கள். முடியில் உள்ள வேதியியல் இருவருக்கும் ஒன்றுதான்.

ஆண்களுக்கு அழுத்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 40 வயதில் கல்யாணத்துக்குப் பெண் தேடுகிறவர், பேத்தி வயதுப் பிள்ளைகளோடு விற்பனை வேலை பார்க்கிறவர், வெளிநாட்டு வேலைக்கு நேர்காணல் போகிறவர் எல்லோரும் கண்ணாடி முன் தயங்குகிறவர்கள்தான்.

நரையைக் காரணம் காட்டி வேலை மறுத்தால் சட்டம் காப்பாற்றுமா?

பெரும்பாலும் இல்லை. அரசியலமைப்பின் 15-வது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றால் பாகுபாடு கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வயது இல்லை. அதுவும் அரசைக் கட்டுப்படுத்தும் பிரிவு. தனியார் வேலையில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்க அமெரிக்காவில் 1967-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் அதுபோல் ஒரு பொதுச் சட்டம் இல்லை.

அதனால்தான் '35 வயதுக்குள்' என்று ஆள் தேவை போஸ்டர்களில் தைரியமாக அச்சடிக்க முடிகிறது. ஒரு ஜவுளிக்கடையில் 48 வயதில் வேலை தேடும் பெண்ணுக்கு டை என்பது அலங்காரச் செலவு கிடையாது, வேலைக்கான செலவு. 'இயற்கையா இருங்க' என்று அவருக்கு அறிவுரை சொல்வது சுலபம். அவர் வீட்டு வாடகையை அந்த அறிவுரை கட்டாது.

சரி, டை பாக்கெட்டுக்குள்ள என்ன இருக்கு?

தலையில் நிரந்தரமாக நிற்கும் கறுப்பு டைகளில் பெரும்பாலானவற்றின் அடிப்படை, பாரா ஃபெனிலின் டையமின் என்ற ரசாயனம். சுருக்கமாக பிபிடி. இது முதலில் நிறமில்லாத சின்ன மூலக்கூறாக முடிக்குள் நுழைகிறது. பெராக்சைடு போன்ற பொருளோடு சேர்ந்து ஆக்ஸிகரணம் அடையும்போது பெரிய கறுப்பு மூலக்கூறாக மாறி உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் குளித்தாலும் போவதில்லை.

இந்த பிபிடி, அலர்ஜியைக் கிளப்புவதில் பேர் போனது. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006-ல் இதை 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்து எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், கலந்து தலையில் தடவும் நிலையில் இதன் அளவு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அலர்ஜி வந்தால் என்ன ஆகும்? நெற்றி, காது, கழுத்து அரிக்கும், சிவக்கும், நீர் கோர்க்கும். சிலருக்குக் கண் திறக்க முடியாத அளவு முகம் வீங்கும். இன்னும் சிலருக்குத் தோலில் வெள்ளைத் திட்டு விழலாம். ரசாயனங்களால் வெண்திட்டு வந்தவர்களிடம் கொல்கத்தாவில் நடத்தி 2009-ல் வெளியான ஆய்வில், காரணங்களில் முதலிடத்தில் இருந்தது தலைமுடி டைதான்.

"இருபது வருஷமா அடிக்கிறேன், எனக்கு ஒண்ணும் ஆனதில்ல" என்று பலர் சொல்வார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். இந்த அலர்ஜி முதல் தடவையே வர வேண்டும் என்று இல்லை. பல வருஷம் சும்மா இருந்த உடம்பு ஒருநாள் எதிர்க்க ஆரம்பிக்கும். ஒருமுறை உடம்பு அடையாளம் கண்டுகொண்டால், பெரும்பாலும் ஆயுள் முழுக்க மறக்காது.

கொஞ்சம் கணக்குப் போடலாம். நாலு வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருஷத்துக்கு 13 தடவை. 40 வயதில் தொடங்கி 65 வரை அடித்தால் 325 தடவை. அத்தனை முறை அந்த ரசாயனம் தோலைத் தொடுகிறது.

மதுரைக்கே உரிய ஒரு விஷயம் மீசை. தலைக்கு வாங்கிய பொடியில் கொஞ்சம் எடுத்து மீசைக்கும் தடவுவது வழக்கம். மேலுதட்டுத் தோல் மெல்லியது, மூக்குக்கும் வாய்க்கும் பக்கத்தில் இருப்பது. தலையில் ஒன்றும் செய்யாத டை, மீசையில் முதலில் காட்டிக்கொடுக்கலாம். புருவத்துக்கும் இமைக்கும் எந்த டையும் போடவே கூடாது. கண் பார்வையே போகும் ஆபத்து இருக்கிறது.

24 மணி நேர சோதனை: சட்டம் சொல்லுது, யார் செய்யறாங்க?

தலைமுடி டை விற்பவர்கள் அதன் உறையில் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்கிறது இந்திய அழகுசாதனப் பொருள் விதி. ஆங்கிலத்தோடு உள்ளூர் மொழியிலும், உள் உறை, வெளி உறை இரண்டிலும் அது இருக்க வேண்டும். தோல் எரிச்சல் வரலாம், முன்கூட்டியே சோதித்துப் பார்க்கவும், புருவம், இமைக்குப் போட வேண்டாம் என்பதே அந்த வாசகத்தின் சாரம். எப்படிச் சோதிப்பது என்ற குறிப்பும் உள்ளே இருக்க வேண்டும்.

அந்தச் சோதனை இதுதான்:

1. காதுக்குப் பின்புறம் அல்லது முழங்கையின் உட்பக்கம் சின்ன இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைக்கவும்.
2. தலைக்குப் போடும் அதே பக்குவத்தில் கலக்கிய டையில் ஒரு துளி எடுத்துத் தடவிக் காய விடவும்.
3. 24 மணி நேரம் கழித்து மெதுவாகக் கழுவவும்.
4. அரிப்பு, சிவப்பு, வீக்கம் எதுவும் இருந்தால் அந்த டை உங்களுக்கு ஆகாது.

சிலருக்கு அறிகுறி தெரிய இரண்டு, மூன்று நாள் கூட ஆகும். அதனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி அவசரமாகக் கலக்குவதைத் தவிர்த்து, மூன்று நாள் முன்பே சோதித்துவிடுவது நல்லது. இந்தச் சோதனையை ஒவ்வொரு முறை டை அடிக்கும் முன்பும் செய்ய வேண்டும் என்கிறது விதி. பாக்கெட்டைக் கிழித்து, கிண்ணத்தில் கலக்கி, பத்து நிமிஷத்தில் தலையில் தடவும் வீடுகளில் இது நடப்பதில்லை. கைவிரல் நுனி அளவு எழுத்தில் இருக்கும் எச்சரிக்கையை, கண்ணாடி போடாமல் 50 வயதுக்காரர் படிப்பதும் கஷ்டம்தான். வீட்டில் உள்ள இளவட்டங்கள் ஒருமுறை போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படித்துக் காட்டலாம்.

அடித்த பிறகு மூச்சுத் திணறல், முக வீக்கம் வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே 108. டை பாக்கெட்டையும் கலக்கிய கிண்ணத்தையும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும். பிபிடி வாய் வழியாக உள்ளே போனால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும், சிறுநீரகம் பாதிக்கும். அது உயிருக்கு ஆபத்தான அவசர நிலை.

டை அடிச்சா கேன்சர் வருமா?

வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றும் பயம் இது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2010-ல் வெளியிட்ட மதிப்பீட்டில், சொந்தத் தலைக்கு டை போடுபவர்களைப் பொறுத்தவரை, வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றது. ஆனால் தினமும் பலருக்கு டை போட்டுவிடும் சலூன், பார்லர் தொழிலாளர்களின் வேலையை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்' என்ற கூடுதல் எச்சரிக்கைப் பிரிவில் வைத்தது.

2020-ல் 'பிஎம்ஜே' மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, 1,17,200 பெண்களை 36 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. நிரந்தர டை போடுபவர்களுக்குப் பெரும்பாலான புற்றுநோய்களின் ஆபத்து கூடவில்லை. சில மார்பகப் புற்றுநோய் வகைகள், சூலகப் புற்றுநோய் உள்ளிட்ட சிலவற்றில் லேசான கூடுதல் தெரிந்தது. ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளை இனப் பெண்கள் என்பதால், அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது.

ஆக, மாதம் ஒருமுறை டை போடுபவர் கேன்சரை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. அவர் பார்க்க வேண்டியது அலர்ஜியை. கேன்சர் விஷயத்தில் அதிகம் கவனிக்கப்பட வேண்டியவர், டை போட்டுவிடும் சலூன் அண்ணன். கையுறையும் காற்றோட்டமும் அவருக்குத் தேவை. 'கையுறை போட்டுக்கங்கண்ணே' என்று வாடிக்கையாளர் சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது.

மருதாணி, அவுரி போட்டா பாதுகாப்பா?

மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற பொருள் முடியின் கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அது தரும் நிறம் செம்பட்டை, கறுப்பு வராது. நீலி என்றும் சொல்லப்படும் அவுரி இலைப் பொடியை அடுத்துப் போட்டால் நிறம் பழுப்பாகி, கறுப்பை நெருங்கும். நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். ஆனால் பிபிடி அலர்ஜி உள்ளவர்களுக்கு இது நல்ல மாற்று வழி. இதிலும் யாருக்காவது அலர்ஜி வரலாம் என்பதால் சோதனை இதற்கும் உண்டு.

ஏமாற வாய்ப்புள்ள இடம் 'கறுப்பு மெஹந்தி'. மருதாணி மட்டும் போட்டு அரை மணி நேரத்தில் கறுப்பு வராது. வந்தால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று அர்த்தம், அது பெரும்பாலும் பிபிடி. 'ஹெர்பல்' என்ற சொல்லையும் இலை படத்தையும் நம்பாமல், பின்பக்கப் பொருட்கள் பட்டியலைப் பாருங்கள். 'அம்மோனியா இல்லை' என்றால் பிபிடி இல்லை என்று பொருள் இல்லை.

பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். கல்யாண வீட்டிலோ பொருட்காட்சியிலோ கையில் வைக்கும் கறுப்பு மருதாணியில் பிபிடி இருந்தால், பத்து வயதிலேயே உடம்பு அதை எதிரியாகக் குறித்துக்கொள்ளும். முப்பது வருஷம் கழித்து முதல் டை அடிக்கும்போது அது வெடிக்கலாம்.

விட்டுடலாம்னு முடிவு பண்ணினா?

முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். கிராப் வெட்டிய ஆணுக்கு நாலைந்து மாதத்தில் டை அடித்த முடி எல்லாம் வெட்டுப்பட்டுப் போய்விடும். இடுப்பு வரை ஜடை போடும் பெண்ணுக்கு 60 சென்டிமீட்டர் என்றால் ஐந்து வருஷம். பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்ற அந்த இடைக்காலத்தில்தான் பலரும் மனம் மாறி மறுபடி பாக்கெட்டை எடுக்கிறார்கள்.

இதைக் கடக்க வழிகள் உண்டு. முடியைக் கொஞ்சம் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம். வேர் வரை அடிக்காமல், கறுப்பில் இருந்து பழுப்புக்கு நிறத்தைப் படிப்படியாக இறக்கலாம். டை அடிக்கும் இடைவெளியை நாலு வாரத்தில் இருந்து ஆறு, எட்டு என்று நீட்டலாம். கோயிலில் முடி இறக்கும் வேண்டுதல் இருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். அழகர்கோயிலிலோ பழனியிலோ மொட்டை போட்டு வந்த தலையில் முளைப்பது தன் சொந்த நிறம்தான், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

அப்போ எப்படித்தான் முடிவு செய்யறது?

பட்டிமன்றத்துக்குப் பேர் போன ஊரில், 'நரையா, டையா?' என்று தலைப்பு வைத்தால் இரண்டு அணிக்கும் கைதட்டல் விழும். வீட்டுக் கண்ணாடி முன்னால் நடுவர் கிடையாது. மூன்று கேள்விகள் உதவலாம்.

ஒன்று, உடம்பு ஒத்துக்கொள்கிறதா? டை அடித்த பிறகு ஒருமுறையாவது அரிப்பு, வீக்கம் வந்திருந்தால் கேள்வி அங்கேயே முடிந்தது. அடுத்த தடவை இன்னும் மோசமாக வரும். தோல் டாக்டரைப் பார்க்காமல் பிராண்ட் மாற்றிப் பார்ப்பது ஆபத்து.

இரண்டு, இது யாருடைய விருப்பம்? நாளை ஊரில் யாருமே எதுவும் கேட்க மாட்டார்கள் என்றால் அடிப்பீர்களா? ஆமாம் என்றால், அது உங்கள் அலங்காரம். பொட்டு, பூ, மீசை முறுக்கு போல அதுவும் ஒன்று, குற்ற உணர்ச்சி வேண்டாம். இல்லை என்றால், யாருக்காக அடிக்கிறோம் என்பதை ஒருமுறை யோசிக்கலாம்.

மூன்று, வேலைக்காக அடிக்கிறீர்களா? அப்படியானால் அது தேவை. பாதுகாப்பாகச் செய்துவிட்டுப் போகலாம். சோதனை, கையுறை, தோலில் பட்டால் உடனே கழுவுவது, எழுதியிருக்கும் நேரத்துக்கு மேல் வைக்காதது, முடிந்தால் இடைவெளியைக் கூட்டுவது.

நான்காவதாக ஒரு விஷயம், இது அடிப்பவருக்கு இல்லை, சுற்றி இருக்கிறவர்களுக்கு. 325 முறை ஒருவர் ரசாயனத்தைத் தலையில் தேய்ப்பதற்குப் பின்னால், பல நேரம் "அதுக்குள்ள நரைச்சிருச்சா?" என்ற ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு கல்யாண வீட்டில் நரைத்த தலையோடு, முழம் மல்லிகை வைத்துக்கொண்டு ஒரு மதினி வந்தால், உடம்புக்கு என்ன என்று விசாரிக்காமல் "வாங்க மதினி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் போதும். டை அடிப்பதா வேண்டாமா என்பதை அவரே பார்த்துக்கொள்வார்.